விடைக்குறிப்பைக் காட்டுங்கள்: ஏஐ பயிற்சி வேலைக்குத் தேர்வு வைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏஐ மாடல்களுக்குப் பயிற்சி தரும் வேலைக்கு ஃப்ரீலான்ஸ் ஆட்களை எடுக்கும் நிறுவனங்களில், தகுதித் தேர்வைத் தயாரிக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நான் சென்னை பெரம்பூரில் இருந்து எழுதுகிறேன். ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் 11 வருடம் மெய்ப்புத் திருத்தினேன். கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், கல்யாணப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ் என்று எது வந்தாலும் என் மேசைக்கு வந்துவிட்டுத்தான் அச்சுக்குப் போகும். அங்கே வேலை குறைந்து, வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதும் என்று ஆனபோது, பக்கத்து வீட்டுப் பெண் இந்த வேலையைப் பற்றிச் சொன்னாள். இரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன். ஏஐ தமிழில் தரும் பதில்களைப் படிப்பேன். இரண்டு பதில்களில் எது மேல் என்று சொல்வேன், ஏன் என்று நாலு வரி எழுதுவேன், தப்பு இருந்தால் திருத்திக் கொடுப்பேன். எனக்குப் பிடித்த வேலை. மெய்ப்புத் திருத்துவதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

இந்த மடல், அந்த வேலைக்குள் நுழைய நீங்கள் வைக்கும் தேர்வைப் பற்றியது. பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர் என்று எங்கள் பக்கத்தில் இதைச் செய்யும் ஒன்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். தேர்வுக் கேள்விகளை வெளியே சொல்ல மாட்டோம் என்று உங்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். அந்த வாக்கை மீற எனக்கு விருப்பமில்லை. அதனால் கீழே வரும் உதாரணத்தில் கேள்வியையும் அதில் வரும் பொருளையும் மாற்றியிருக்கிறேன். சிக்கலை மாற்றவில்லை.

இந்த வேலையில் இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், தேர்வு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதலில் பெயர், படிப்பு, பயோடேட்டா. பிறகு ஆதாரையோ பாஸ்போர்ட்டையோ கேமராவில் காட்டி, முகத்தையும் இடம் வலம் திருப்பிக் காட்ட வேண்டும். அப்புறம் மொழித் தேர்வு. நான் பார்த்தவரை ஆங்கிலம் எல்லா இடத்திலும் உண்டு, தமிழ் சில இடங்களில் மட்டும்தான். சில நிறுவனங்களில் ஒரு கம்ப்யூட்டர் குரல் 15, 20 நிமிடம் நேர்காணல் எடுக்கும். நம் பயோடேட்டாவைப் படித்துவிட்டு அதிலிருந்தே கேள்வி கேட்கும். தெருவில் சத்தம் அடங்கட்டும் என்று நான் அதை ராத்திரி 11 மணிக்கு மேல்தான் வைத்துக்கொள்வேன். கோடிங் தெரிந்தவர்களுக்கும், கணக்கு, மருத்துவம், சட்டம் படித்தவர்களுக்கும் அவரவர் துறையில் தனித் தேர்வு இருக்கிறது.

இதையெல்லாம் தாண்டினால் ஒரு பிராஜெக்ட்டுக்கு அழைப்பு வரும். உண்மையான தேர்வு அங்கேதான் தொடங்குகிறது. 30, 40 பக்கத்துக்கு ஒரு கைட்லைன் வரும், முழுக்க ஆங்கிலத்தில். ஒரு பதிலை எப்படி எடைபோட வேண்டும் என்று அதில் இருக்கும். கேட்டதைச் செய்திருக்கிறதா, சொன்னது உண்மையா, தேவைக்கு மேல் வளவளவென்று இருக்கிறதா, யாருக்காவது ஆபத்து வருமா, மொழி இயல்பாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் தனி விளக்கம். அதைப் படித்து முடித்ததும் பயிற்சிச் சுற்று. நாம் ஒரு விடையைச் சொன்னதும், சரியான விடை எது, ஏன் என்று திரையில் காட்டுவார்கள். அதற்கு அடுத்தது மதிப்பெண் உள்ள சுற்று. அங்கே எதையும் காட்ட மாட்டார்கள். மேலே டைமர் ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஒரே ஒரு வாய்ப்புதான். எங்கள் குழுவில் ஒருத்திக்கு ஐப்பசி மழையில் கரண்ட் போய், பாதித் தேர்வில் எல்லாம் நின்றுவிட்டது. மறுபடி உள்ளே போனபோது தேர்வு முடிந்துவிட்டது என்று இருந்தது. அவ்வளவுதான்.

தேர்ச்சி பெற்றால் உடனே வேலை வரும் என்றும் இல்லை. வேலைகள் வந்து சேரும் கியூ வாரக்கணக்கில் காலியாகக் கிடக்கும். வேலை வந்த பிறகும் தேர்வு ஓயாது. விடை ஏற்கெனவே தெரிந்த சில டாஸ்க்குகளை, வழக்கமான டாஸ்க்குகளோடு அடையாளம் தெரியாமல் கலந்து வைப்பார்கள். அவற்றில் தவறினால் மதிப்பெண் இறங்கும். ஒரு நாள் காலையில் உள்ளே நுழைந்தால் பிராஜெக்ட்டே திரையில் இருக்காது.

சரி, இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு பிராஜெக்ட்டின் பயிற்சிச் சுற்று. கேள்வி இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "எங்க அம்மாவுக்கு சுகர் இருக்கு. காலையில கேழ்வரகுக் கூழ் குடிக்கலாமா? எப்படிச் செய்யணும்?"

முதல் பதில் ஒரு பக்கத்துக்கு இருந்தது. தலைப்புகள், புள்ளி வைத்த வரிகள், கடைசியில் ஓர் எச்சரிக்கை. முதல் பத்தியில் கேழ்வரகின் நன்மைகளைச் சொன்னது. செய்முறைக்கு வந்ததும் "கம்பை இரவு முழுவதும் ஊறவைத்து, இடித்து, உமியைப் புடைத்து" என்று போனது. அதற்கப்புறம் கடைசி வரை கம்புதான். கேழ்வரகு என்ற சொல்லே திரும்பி வரவில்லை. இரண்டாவது பதில் ஏழெட்டு வரி. கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வையுங்கள், நொய் வெந்ததும் அதில் ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறுங்கள், ஆறிய பிறகு மோர் விட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு குடிக்கலாம், கேழ்வரகிலும் மாவுச்சத்து உண்டு என்பதால் அளவோடு குடிக்கச் சொல்லுங்கள், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் அதில் இருந்தது.

நான் இரண்டாவது பதிலைத் தேர்ந்தெடுத்தேன். முதல் பதில் தானியத்தையே மாற்றிவிட்டது என்று காரணமும் எழுதினேன். திரையில் சிவப்பாகப் பெருக்கல் குறி வந்தது. கீழே ஆங்கிலத்தில் விளக்கம்: இரண்டு பதில்களிலும் தகவல் சரி, முதல் பதில் முழுமையாகவும் ஒழுங்காகப் பிரித்தும் எழுதப்பட்டிருக்கிறது, ஆகவே முதல் பதிலே மேல்.

கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது. ஆங்கிலத்தில் கேழ்வரகு, கம்பு இரண்டின் பெயரும் மில்லட் என்றுதான் முடியும். அந்த விடையை எழுதியவர் தமிழை மொழிபெயர்ப்பு வழியாகப் படித்திருக்க வேண்டும். அவருக்கு இரண்டும் ஒரே தானியமாகத் தெரிந்திருக்கும். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் தூக்குப் பாத்திரத்தோடு கூழுக்கு வரிசையில் நிற்கும் சின்னப் பிள்ளையிடம் கேட்டிருந்தால் கூட, கம்பு வேறு, கேழ்வரகு வேறு என்று சொல்லியிருக்கும். உங்கள் கைட்லைனும் முதல் பக்கத்திலேயே சொல்கிறது: தகவல் தவறாக இருந்தால் நீளம், அழகு எதையும் பார்க்க வேண்டாம், உண்மைக்குத்தான் முதலிடம். அப்படிப் பார்த்தால் உங்கள் விடை உங்கள் கைட்லைனுக்கே எதிராக இருந்தது.

இதை யாரிடம் சொல்வது? அந்தத் திரையில் ஒரே ஒரு பட்டன்தான் இருந்தது. "புரிந்தது, அடுத்த கேள்விக்குச் செல்" என்று. அதை அழுத்தாமல் மேலே போக முடியாது. அழுத்தினேன்.

அரை மணி நேரம் கழித்து மதிப்பெண் சுற்று. நாலாவது கேள்வி ஏறக்குறைய அதே மாதிரி. நீளமான, அழகாகப் பிரித்த, நடுவில் ஒரு தப்பு உள்ள பதில் ஒன்று. சின்னதாக, சரியாக இருந்த பதில் இன்னொன்று. டைமரில் ஆறு நிமிடம் இருந்தது. அந்த ஆறு நிமிடமும் கேள்வியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. எனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்வதா, நீங்கள் எதிர்பார்ப்பதைச் சொல்வதா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டு வாடகை, மகனின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் மனதில் ஓடியது. கடைசியில் சரியான பதிலையே போட்டேன். 11 வருடம் தப்பைத் தப்பு என்று வட்டம் போட்டுப் பழகிய கை அது.

மறுநாள் மின்னஞ்சல் வந்தது. ஆர்வத்துக்கு நன்றி, இந்த முறை உங்களைச் சேர்த்துக்கொள்ள இயலவில்லை. அந்த ஒரு கேள்வியால் தோற்றேனா, வேறு நாலு கேள்விகளில் நிஜமாகவே தவறினேனா, எனக்குத் தெரியாது. தவறியிருந்தால் திருத்திக்கொள்வேன். திருத்துவதுதான் என் தொழிலே. ஆனால் எங்கே தவறினேன் என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. அதைத்தான் உங்களிடம் முறையிடுகிறேன்.

எங்கள் குழுவில் ஒரு தம்பி இருக்கிறான், கெட்டிக்காரன், பொய் பேசத் தெரியாதவன். அவன் அதே தேர்வில் தேர்ச்சி பெற்றான். என்னிடம் சொன்னான்: "அக்கா, எது சரின்னு பாக்காதீங்க. கீ என்ன சொல்லும்னு பாத்துப் போடுங்க." அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தமிழில் எது சரி என்று சொல்லத்தான் எங்களைத் தேடுகிறீர்கள். அதற்காக வைக்கும் தேர்வு, சரியானதை ஒதுக்கிவிட்டு விடைக்குறிப்பை ஊகிக்கக் கற்றவர்களை உள்ளே விடுகிறது. அவர்கள் போடும் மதிப்பெண்ணைத்தான் உங்கள் மாடல் படிக்கப் போகிறது. நாளைக்கு எங்கேயோ ஒரு பெண், அம்மாவுக்குக் கூழ் காய்ச்ச அந்த மாடலிடம்தான் கேட்பாள்.

ஓபன்ஏஐ 2022-இல் வெளியிட்ட இன்ஸ்ட்ரக்ட்ஜிபிடி ஆய்வுக் கட்டுரையைக் குழுவில் ஒருத்தி எடுத்துப் போட்டாள். சாட்ஜிபிடி அந்த வழியில் வந்ததுதான். பதில்களை வரிசைப்படுத்தவும் எழுதிக் காட்டவும் சுமார் 40 பேரை ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறார்கள். அவர்களையும் தேர்வு வைத்துத்தான் எடுத்தார்கள். ஆய்வாளர்களின் தீர்ப்போடு எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பது அந்தத் தேர்வில் ஒரு முக்கியமான பகுதி. எதையெல்லாம் பார்த்தார்கள், எவ்வளவு ஒத்துப்போனால் போதும் என்று வைத்தார்கள் என்பதைக் கட்டுரையின் பின்னிணைப்பில் எழுதியிருக்கிறார்கள். ஒத்துப்போவதற்கு அவர்கள் வைத்த எல்லை 75 சதவீதம், அதையும் இறுக்கமாகப் பிடிக்கவில்லை. அப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்தவர்கள், இரண்டு பதில்களில் எது மேல் என்பதில் தங்களுக்குள் ஒத்துப்போனது சுமார் 72.6 சதவீதம்.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஓர் ஆறுதல், கூடவே ஒரு வருத்தம். நாலு கேள்விக்கு ஒன்றில் தேர்ந்தவர்களே மாறுபடுகிறார்கள். இது அவர்கள் குறையில்லை, இந்த வேலையின் தன்மையே அப்படி. எது மேல் என்பதில் ரசனையும் இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது. பத்துக் கேள்வி வைத்து ஒன்பது சரியாக இருந்தால்தான் தேர்ச்சி என்று சொல்லும் தேர்வு அப்போது எதை அளக்கிறது? இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு போட்டால்கூடப் பாதி ஒத்துப்போகும். அந்தக் குருட்டு ஒற்றுமையைக் கழித்துவிட்டு மீதியைக் கணக்கிட ஜேக்கப் கோஹென் என்பவர் 1960-லேயே ஒரு வழி சொல்லியிருக்கிறார். உங்கள் துறையில் இருப்பவர்கள் அதைத் தினமும் பயன்படுத்துகிறார்கள். அதே கணக்கை உங்கள் விடைக்குறிப்புக்கும் போட்டுப் பாருங்கள் என்கிறேன். ஒரு கேள்விக்கு விடை எழுதும்போது தமிழ் தெரிந்த மூன்று பேரைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். மூவரும் ஒத்துப்போனால் மட்டும் அதைத் தேர்வில் வையுங்கள்.

எங்கள் ஊரில் தேர்வு எழுதாத வீடு கிடையாது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வை லட்சக்கணக்கான பேர் எழுதுகிறார்கள். முடிந்ததும் உத்தேச விடைக்குறிப்பை வெளியிடுகிறார்கள். விடை தப்பு என்று தோன்றினால் குறிப்பிட்ட நாட்களுக்குள் ஆதாரத்தோடு ஆட்சேபம் சொல்லலாம். வல்லுநர் குழு பார்த்து முடிவு செய்த பிறகுதான் இறுதி விடை. பிளஸ் டூ முடித்த பிள்ளை, மதிப்பெண் குறைந்தது என்று நினைத்தால் விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பிக்கலாம், மறுகூட்டல் கேட்கலாம், மறுமதிப்பீடு கேட்கலாம். என் மகனுக்கே கேட்டிருக்கிறேன். இயற்பியலில் ஒரு பக்கத்தைக் கூட்டாமல் விட்டிருந்தார்கள், ஆறு மதிப்பெண் ஏறியது. இந்தத் தேர்வுகளிலும் குறை உண்டு, வழக்கு நீதிமன்றம் வரை போனதும் உண்டு. ஆனாலும் எழுதியவன் கேள்வி கேட்கலாம் என்ற கதவு திறந்திருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். உங்கள் தேர்வில் அந்தக் கதவு இல்லாததுதான் எங்களுக்குப் பெரிதாகப்படுகிறது.

நீங்கள் ஏன் இறுக்கமாக இருக்கிறீர்கள் என்பது தெரியாமல் பேசவில்லை. கேள்வியை வெளியிட்டால் அடுத்த நாளே டெலிகிராமில் விற்பார்கள். எங்கள் ஆட்களிலேயே தேர்வை சாட்ஜிபிடியிடம் கொடுத்து விடை வாங்கி ஒட்டுகிறவர்கள் உண்டு. ஒருவர் தேர்வெழுதித் தேர்ச்சி பெற்று, அக்கவுண்டை இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவதும் நடக்கிறது. இது அசிங்கம், நேர்மையாக உழைப்பவர்களின் வயிற்றில் அடிப்பது, நான் அதற்கு ஒருபோதும் வக்காலத்து வாங்க மாட்டேன். வேலை வாங்கித் தருகிறேன் என்று பதிவுக் கட்டணம் கேட்டு ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். இதைப் படிக்கும் தம்பி தங்கைகள் யாருக்கும் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். ஆனால் திருடனுக்குப் பயந்து வீட்டுக்கு ஜன்னலே வைக்காமல் இருக்க முடியாது. எல்லாக் கேள்விகளையும் காட்ட வேண்டாம். எந்தப் பிரிவில் தவறினேன், உண்மையைச் சரிபார்ப்பதிலா, கைட்லைனைப் பின்பற்றுவதிலா, காரணம் எழுதுவதிலா என்று ஒரு வரி சொன்னால் எந்தக் கேள்வியும் வெளியே போய்விடாது. பயிற்சிச் சுற்றின் விடைகளை எப்படியும் நீங்களே காட்டுகிறீர்கள். அங்கே "இந்த விடையில் எனக்கு ஆட்சேபம் உண்டு" என்று ஒரு கட்டமும், காரணம் எழுத இரண்டு வரி இடமும் வைத்தால் உங்களுக்குத்தான் லாபம். உங்கள் விடைகளில் உள்ள தப்பை நாங்கள் இலவசமாகவே பிடித்துத் தருவோம்.

தமிழைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அதிகமாகச் சறுக்குகிறீர்கள்.

"வேலை கொடு" என்றால் எனக்கு ஒரு பணி தா என்று பொருள். "வேலைக் கொடு" என்றால் கையில் இருக்கும் வேலாயுதத்தைத் தா. நடுவில் ஒரு க் தான். நாங்கள் இதை ஒற்று என்போம். மாடல் தரும் பதில்களில் ஒற்று பாதி இடங்களில் தப்பாக வருகிறது. தேர்வில் இதைச் சுட்டிக்காட்டினால் "சிறிய எழுத்துப்பிழை" என்று ஒதுக்குகிறீர்கள். எல்லா ஒற்றும் பொருளை மாற்றாது, ஒத்துக்கொள்கிறேன். எது மாற்றும், எது மாற்றாது என்று தெரிந்தவர்தான் அந்த விடையை எழுத வேண்டும்.

மரியாதை இன்னொன்று. பதில் நட்பாக இருக்க வேண்டும் என்று கைட்லைன் சொல்கிறது. ஆங்கிலத்தில் நட்பாகப் பேசவும் மரியாதையாகப் பேசவும் 'யூ' என்ற ஒரே சொல்தான். தமிழில் நீ என்று சொல்லிவிட்டால் அறுபது வயதுக்காரருக்கு அது நட்பாகப் படாது, முகத்தில் அடித்தது போல இருக்கும். முதல் வரியில் நீங்கள் என்று தொடங்கி நாலாவது வரியில் நீ என்று மாறும் பதில்களைத் தினமும் பார்க்கிறேன். ஒரு தேர்வில் அப்படிப்பட்ட பதிலுக்கு நான் மதிப்பெண்ணைக் குறைத்தேன். குறைத்திருக்கக் கூடாது, நடை இனிமையாக இருக்கிறது என்றது உங்கள் விளக்கம்.

பேச்சுத் தமிழில் கேள்வி வந்தால் பதில் எந்தத் தமிழில் இருக்க வேண்டும்? "சுகர் இருக்கு" என்று கேட்டவரிடம் "தங்கள் தாயார் நீரிழிவு நோயால் பீடிக்கப்பட்டிருப்பின்" என்று பதில் சொன்னால் அவர் மொபைலைக் கீழே வைத்துவிடுவார். எழுத்து நடையும் பேச்சு நடையும் இவ்வளவு தள்ளி இருக்கும் மொழிக்கு ஆங்கிலத்துக்கு எழுதிய அளவுகோல் அப்படியே பொருந்தாது. அப்புறம் எந்த ஊர்ப் பேச்சு? எங்கள் குழுவிலேயே நெல்லைக்காரர் ஒருவர், கோவைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறார்கள். யாழ்ப்பாணத் தமிழைத் தப்பு என்று அடித்துவிட்டு, அது சரிதான் என்று பிறகு தெரிந்துகொண்ட அனுபவம் எனக்கே உண்டு. அதனால் இந்தக் கேள்விகளுக்கு ஒற்றை விடை வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கஷ்டம் என்பதால்தான் ஆட்சேபம் சொல்ல இடம் வேண்டும் என்கிறேன்.

கூலியைப் பற்றி ஒரு வார்த்தை. நான் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். இந்த இரண்டு வருடத்தில் 14 தேர்வுகள் எழுதியிருக்கிறேன். கைட்லைன் படித்த நேரத்தையும் சேர்த்து 37 மணி நேரம். நாலில் தேர்ச்சி, இரண்டில் வேலை. ஒரே ஒரு நிறுவனம் பயிற்சிக்கும் தேர்வுக்கும் சேர்த்து ஒரு சிறு தொகை கொடுத்தது. தேர்ச்சி பெறாதவர்களுக்கும் கொடுத்தார்கள், அதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். மற்ற இடங்களில் ஒன்றும் இல்லை. அரை மணி நேரத் தேர்வுக்குக் காசு கேட்க மாட்டேன், எந்த வேலைக்கும் அது உண்டு. ஆனால் 40 பக்கத்தைப் படித்து, பயிற்சிச் சுற்று, மதிப்பெண் சுற்று என்று நாலைந்து மணி நேரம் போகும் இடத்தில், அந்த நேரத்துக்கும் கூலி உண்டு. தையல் கடையில் புது ஆளுக்கு ஒரு பிளவுஸ் தைக்கக் கொடுத்துப் பார்ப்பார்கள். அதற்கும் பத்து இருபது கொடுத்துத்தான் அனுப்புவார்கள்.

தமிழ்நாட்டில் 2023-இல், செயலி வழியாக வேலை எடுத்துச் செய்யும் கிக் தொழிலாளர்களுக்கென்று நலவாரியம் அமைத்தார்கள். மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் கிக் தொழிலாளி யார் என்று சொல்லியிருக்கிறார்கள். அரசிடம் கேட்க வேண்டியதை அரசிடம் கேட்போம். தேர்வுத் தாள் உங்கள் கையில் இருப்பதால் இதை உங்களிடம் கேட்கிறேன்.

கடைசியாக, நாங்கள் ஐயா என்று அழைக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். கொளத்தூரில் இருக்கிறார், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், 63 வயது. தமிழ்99 விசைப்பலகையில் என்னைவிட வேகமாக அடிப்பார். ஒரு பத்தியைப் படித்தால் எந்தச் சொல் எந்த ஊர் வழக்கு என்று சொல்லிவிடுவார். அவருக்கு ஆங்கிலம் தெரியும், ஆனால் நிதானமாகப் படிப்பார், அகராதியைப் பார்ப்பார். அவருக்கு ஒரு பிராஜெக்ட்டுக்கு அழைப்பு வந்தது. மூன்று நாளுக்குள் கைட்லைனைப் படித்துத் தேர்வை முடிக்க வேண்டும். 38 பக்கம். ஐயா என்ன செய்தார் தெரியுமா? ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, அந்தக் கைட்லைனைத் தனக்காகத் தமிழில் எழுத ஆரம்பித்தார். வெறும் மொழிபெயர்ப்பு இல்லை. உங்கள் ஆங்கில உதாரணங்களை எடுத்துவிட்டு, அதே விதியை விளக்கத் தமிழில் புது உதாரணம் வைத்திருந்தார். மூன்றாம் நாள் ராத்திரி பாதிதான் முடிந்திருந்தது. மீதியை அவசரமாகப் படித்துவிட்டுத் தேர்வுக்குப் போனார். தமிழ்க் கேள்விகளை முடித்தபோது, கைட்லைனைப் பற்றிய ஆங்கிலக் கேள்விகளுக்கு நேரம் போதவில்லை. டைமர் தானாகவே மூடிவிட்டது.

அடுத்த நாள் எனக்குப் போன் செய்தார். "நான் என்னம்மா தப்பு செஞ்சேன்? சொன்னாத் திருத்திக்குவேனே" என்றார். 34 வருடம் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் விடைத்தாளில் சிவப்பு மையால் திருத்தி, ஓரத்தில் காரணம் எழுதிக் கொடுத்தவர். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறது. தயவுசெய்து அனுப்புங்கள். தமிழ் வேலைக்கான கைட்லைனைத் தமிழிலும் கொடுங்கள், தமிழ்த் தேர்வில் ஆங்கிலம் படிக்கும் வேகத்தை அளக்காதீர்கள்.

அந்த நோட்டை ஐயா யாரிடமும் காட்டவில்லை. ரகசியம் காப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேனே என்று எனக்குக் கூட அட்டையை மட்டும்தான் காட்டினார். உங்களில் யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன், மீதிப் பாதியையும் எழுதித் தருவேன், காசு கூட வேண்டாம் என்கிறார். அவர் வேண்டாம் என்றாலும் நீங்கள் கொடுக்க வேண்டும். 19 பக்கம் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்தும் ஒரு பெண்,
பெரம்பூர், சென்னை.